இரண்டாம் பக்கத்தின் பதினோராவது நிமிடம்

ராஜினி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் எங்கள் முதியோர் இல்லச் சமையலறையில் ஒரு மூதாட்டிக்காக ஓட்ஸ் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். "பிள்ளை, அக்கா போயிட்டா" என்றார் தொலைபேசியில் அவருடைய கணவர் சிவம் அண்ணை. இதய அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து அன்று மூன்றாவது நாள். மாலையில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தேன். முதல் நாளே போயிருக்கலாம். குழாய்களுக்கிடையில் அவரைக் காணப் பயந்து போகாமல் இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்ட சிவம் அண்ணை, "அந்த இசைத்தட்டைப் பற்றியும் எழுது. சனம் சிரிச்சாச் சிரிக்கட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் ஆறு வருடங்கள் அக்காவும் நானும் ஒரே இல்லத்தில் முதியவர்களைப் பராமரித்தோம். நான் அதிகம் கதைக்காதவள். "இவளின்ர வாய்க்குப் பூட்டுப் போட்டுத் திறப்பைக் கடலுக்க எறிஞ்சிட்டினம்" என்று அவர் கிண்டல் செய்வார்.

நான் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு பிறந்தநாள் விழா. மேசையெங்கும் சிறிய டேனிஷ் கொடிகள், சுவரில் பலூன்கள். ஒரு பலூன் வெடித்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள், அக்கா பக்கத்திலிருந்த மூதாட்டியைச் சக்கர நாற்காலியோடு சுவர்ப்பக்கம் இழுத்துச் சென்று, அவர்மேல் கவிழ்ந்து மூடியிருந்தார். மூதாட்டி விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். கால் தடுக்கியதாக அக்கா எல்லோரிடமும் சொன்னார். உடை மாற்றும் அறையில் என்னிடம் மட்டும், "யாழ்ப்பாணத்தில குண்டு போடப் பொம்மர் விமானம் வந்த காலத்துப் பழக்கம், விடுதில்லை" என்றார்.

அடுத்த வருடம் அவர் அந்த இசைத்தட்டை வாங்கினார். சிவம் அண்ணை பழைய பாட்டுகள் கேட்பதற்காகப் பழைய சாமான் கடையில் ஒரு தட்டுச்சுழலி எடுத்தபோது, அக்கா தன் பங்குக்கு ஒரு தட்டைத் தேர்ந்தாராம். அட்டையில் ஒரு மலை, அதன் முன்னால் நீளமுடியோடு சப்பாணி கட்டி அமர்ந்த நான்கு பேர், ஜப்பானிய எழுத்துகள். பௌத்த சாமியார்கள் ஓதுகிறார்கள் என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அதைப் போட்டிருக்கிறார்.

"கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறன். கிற்றார் கத்தின கத்தில சாமிப்படமே ஆடிப்போச்சு! இவர் சவுக்கார நுரையோட குளியலறையால ஓடி வந்து, 'என்னப்பா வெடிச்சது?' எண்டுறார்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பொம்மர் குண்டு போடக் கீழ பதியிற சத்தம்தான், பிள்ளை. அச்சொட்டா அதே."

அது ஒரு ஜப்பானிய சைக்கடெலிக் றொக் குழுவின் ஆல்பம். முதல் பக்கத்தில் சிறிய பாடல்கள். இரண்டாம் பக்கம் முழுவதும் இருபது நிமிடங்களுக்கு ஒரே இசை. அதை அவர் எறிந்துவிடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டாம் பக்கத்தைப் போட்டு, தாங்க முடியும் வரை இருப்பார். திங்கட்கிழமை வேலையில் என் காதருகே வந்து, "நேற்று நாலு நிமிஷம்" என்பார். பிறகு ஏழு, ஒன்பது. பதினோராவது நிமிடத்தைத் தாண்ட அவரால் முடியவில்லை. அந்த இடத்தில் எல்லா வாத்தியங்களும் ஒரேயடியாக நின்றுவிடும். ஊசி உரசுவது மட்டும் கேட்கும்.

"சத்தம் நிண்டாப் பிறகு என்ன பயம், அக்கா?"

"பொம்மர் மேல சுத்தேக்க பங்கர்க் குழிக்க எல்லாரும் ஒண்டா இருப்பம். அது போனாப் பிறகுதான் ஆர் ஆர் இருக்கினம் எண்டு பேர் சொல்லிக் கூப்பிடுறது. ஒரு தரம் என்ர சிநேகிதியைக் கூப்பிட்டம், கூப்பிட்டம்..."

அக்கா திரும்பிப் படுக்கை விரிப்பை மடிக்கத் தொடங்கினார். நான் மறுமுனையைப் பிடித்தேன்.

இந்த ஆண்டு அறுவைச் சிகிச்சைக்குத் திகதி கிடைத்ததும், "அதுக்கு முதல் அந்தப் பக்கத்தைக் கடைசி வரைக்கும் கேக்க வேணும். தனிய ஏலாது. இவருக்குச் சொன்னா அழுதுபோடுவார். நீ வந்து இரு" என்றார். ஓம் என்றேன். முதல் ஞாயிறு தடிமன், மூக்கடைப்பு என்று சொன்னேன். இரண்டாம் ஞாயிறு வேலை என்று சொன்னேன். இரண்டும் பொய். அவ்வளவு பயந்த ஒருவரின் பக்கத்தில் எப்படி அமர்வது என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமைகளில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "தடிமன் சுகமோ?" என்று மட்டும் விசாரித்தார்.

அவர் மருத்துவமனைக்குச் செல்வதற்கு முதல் நாள், மூன்றாவது ஞாயிறு, போனேன். சிவம் அண்ணையைக் கடைக்கு அனுப்பிவிட்டு அக்கா ஊசியை வைத்தார். கிற்றார் ஊளையிட்டது, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பதினோராவது நிமிடத்தில் எல்லாம் நின்றது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அரை நிமிடம் இருக்கும். எழுந்து ஓடிவிடலாம் என்று எனக்கே தோன்றியது. அப்போது தட்டுக்குள் யாரோ இருமினார்கள். பின்னர் மிக மெதுவாக மேளம் தொடங்கியது.

"கேட்டியோ? ஆரோ இருமுறான்!" அக்கா கத்திவிட்டார். கடைசிவரை அசையாமல் கேட்டார்.

"பயம் போச்சோ, அக்கா?"

"எங்க போறது? இஞ்சதான் இருக்கு. இப்ப நீயும் இருக்கிறாய். போய்த் தேத்தண்ணி போடு."

அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது.

தகனம் முடிந்து ஆட்கள் கார்களில் ஏறினார்கள். சிவம் அண்ணை மட்டும் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். பிள்ளைகள் இல்லாத வீடு. "வீட்டை போகப் பயமாக் கிடக்கு, பிள்ளை" என்றார், வேறு எவருக்கும் கேட்காத குரலில். எனக்கும் பயமாக இருந்தது. "நான் வாறன், அண்ணை" என்றேன்.

வாசலில் அக்காவின் வேலைச் சப்பாத்துகள் கிடந்தன. நாங்கள் இருவரும் அவற்றைத் தொடவில்லை. மேற்சட்டைகளைக் கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் எதிரெதிரே அமர்ந்தோம். குளிர்காலம்; மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கியது. எவரும் எழுந்து விளக்கைப் போடவில்லை. நான் வீட்டுக்குப் போகவுமில்லை.

அக்கா, நீங்கள் போங்கள். இங்கே அண்ணை தனியே இல்லை.