அப்பு மறந்த தாலாட்டு

நாகல் நகரில் ரஹ்மத்துல்லா நடத்திய பிரௌசிங் சென்டரில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. மூன்று வாடிக்கையாளர்களுக்கு. கதவை ஒட்டியிருந்த முதலாவது அவருக்கு. ரெயில்வே ரிசர்வேஷன், தேர்வு முடிவு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு போட்டோ அனுப்புவது என்று எல்லா வேலையும் அதில்தான் நடக்கும். வேலை இல்லாதபோது அதில் ஒரு விளையாட்டு ஓடும்.

விலங்குகளைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் விளையாட்டு அது. யாரோ அதை வேண்டுமென்றே கடினமாக்கி வெளியிட்டிருந்தார்கள். இவரிடம் இருந்த சிடியில் மார்க்கர் பேனாவால் ‘கஷ்டம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. சண்டையில் விழுந்த விலங்கு அதில் மறுபடி எழாது, போனது போனதுதான். ஒரு விலங்குக்கு நான்கு வித்தைகளுக்கு மட்டுமே இடம். ஐந்தாவது வேண்டுமானால் பழைய நான்கில் ஒன்றை மறக்க வேண்டும். ரஹ்மத்துல்லா இரண்டு வருடமாக அதை ஆடிக்கொண்டிருந்தார்.

அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் படித்து நிறுத்தியவர். டிரைவிங் பழகி எல்.எல்.ஆர். வரை போனவர். டைப்ரைட்டிங்கில் லோயர் எழுதிவிட்டு ஹையருக்குப் போகாதவர். பக்கத்து டீக்கடை வேலுசாமி இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். “என்னப்பு, அந்த ஓணானை இன்னும் மேச்சு முடியலையா? நீ பந்தியில உக்காந்தா ரசம் வர்றதுக்குள்ள எந்திரிச்சிருவ” என்பார். ரஹ்மத்துல்லா சிரிப்பார்.

2008 ஆகஸ்டில் அவருக்கு டம்மாமில் வேலைக்கு விசா வந்தது. மறுமாதம் இருபத்தேழாம் தேதி திருச்சியிலிருந்து விமானம். கடையை வேறொருவர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர் எல்லா கம்ப்யூட்டரையும் ஃபார்மட் செய்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் தொழிலைத் தொடங்குவாராம்.

“அதுக்குள்ள முடிச்சிரணும் சார்” என்றார் ரஹ்மத்துல்லா என்னிடம். “இது ஒன்னையாச்சும் முழுசா முடிச்சேன்னு இருக்கணும்ல.”

நான் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டுரைகளை டைப் செய்ய அங்கே போவேன். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அவர் கிளம்பும்போது யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்களிடம் கடையை விட்டுவிட்டுப் போவார். நர்ஸிங் மாணவி, ரேஷன் கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. செப்டம்பர் முதல் வெள்ளியன்று நான் இருந்தேன்.

சாதாரணமாக இதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் பகுதிக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு கரண்ட் போகும். யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அவர் கிளம்பும் நேரத்தில் திரையில் ஒரு நீண்ட சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டையின் நடுவில் விளையாட்டைச் சேமிக்க முடியாது.

“அமலன் சார், ஒரு உதவி. இந்த இசட் கீயை மட்டும் அழுத்திக்கிட்டே இருங்க. எது கேட்டாலும் இசட்தான். சண்டை முடிஞ்சதும் சேவ் பண்ணிருங்க. ரெண்டு மணிக்கு முன்னாடி.”

ஒன்றே முக்காலுக்கு சண்டை முடிந்தது. ஜெயித்தோம். அதன் பிறகும் திரையில் ஏதேதோ கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் இசட்டை அழுத்தினேன். சேமித்தேன். இரண்டு மணிக்கு கரண்ட் போனது. அவர் தொழுகை முடிந்து வந்ததும், காரியத்தை முடித்துக்கொடுத்தவனின் தோரணையில் விவரத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் போனபோது அவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“சார், கடைசியில அது என்னமோ கேட்டுச்சுல்ல?”

“நிறையக் கேட்டுச்சு. எல்லாத்துக்கும் இசட்தான்.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மெதுவாக விளக்கினார். அவருடைய படையில் அப்பு என்று ஒரு மண்நிறப் பிராணி இருந்தது. ஆமைக்கும் ஓணானுக்கும் இடைப்பட்ட உருவம். அதனிடம் தாலாட்டு என்று அவர் பெயர் வைத்த ஒரு வித்தை. யாரையும் காயப்படுத்தாது, எதிரியைத் தூங்க மட்டும் வைக்கும். விளையாட்டின் கடைசிக் கட்டமான கோட்டையில் இருப்பவர்கள் ஒரே அடியில் எதையும் வீழ்த்தக் கூடியவர்கள். அவர்களைத் தூங்க வைக்காமல் நெருங்க முடியாது. சண்டையில் ஜெயித்ததும் அப்பு கல்லெறி என்ற புது வித்தைக்குத் தகுதி பெற்றிருக்கிறது. எதை மறக்கட்டும் என்று அது கேட்டிருக்கிறது. பட்டியலில் முதலாவதாகத் தாலாட்டு இருந்திருக்கிறது. நான் இசட்டை அழுத்தியிருக்கிறேன்.

வேலுசாமி வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். “வாத்தியாரே, புள்ளைகளுக்குத்தான் படிச்சத மறக்க வைப்பீகன்னு நினைச்சேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரஹ்மத்துல்லாவைப் பார்த்தேன். அவர், “எது கேட்டாலும் இசட்டுன்னு நான்தான சார் சொன்னேன்” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெருந்தன்மையாகப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு நம் மீது ஒரு பாரமாக இறங்கும். இவர் சொன்னதில் அது இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவே.

வழி ஒன்று இருந்தது. அந்த விளையாட்டின் வடகோடியில், பனி விழும் ஊரில், ஒரு குடிசையில் ஒரு பெண் இருக்கிறாள். விலங்கு மறந்த வித்தையை அவளால் மீட்டுத் தர முடியும். கூலியாக ஒரு நீல இறகு கேட்பாள். அந்த இறகு சதுப்பு நிலத்துப் பறவை ஒன்றிடம் இருக்கும். எல்லாப் பறவையிடமும் இருக்காது. ஐம்பதில் ஒன்றிடம் இருக்கலாம் என்று யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள்.

“நான் தேடுறேன்” என்றேன்.

“உங்களுக்கு எதுக்கு சார் இந்தத் தொல்லை?”

“நான்தான மறக்க வச்சேன்.”

அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை. மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் திறந்து வைத்தார். அவர் கூட்டிப் பெருக்குவார், ஊதுபத்தி ஏற்றுவார். நான் கல்லூரிக்குக் கிளம்பும் வரை சதுப்பில் அலைவேன். அப்புவை மட்டும் சண்டைக்கு எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

மூன்றாம் நாள், பறவையோடு நான் போட்ட சண்டையில் அவர் வளர்த்த வௌவால் ஒன்று விழுந்தது. ஒரு வருடம் கூட இருந்த வௌவால். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். துடைப்பத்தோடு வந்து பார்த்தார்.

“இறகு வந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப நாளைக்கும் வாங்க” என்று போய்விட்டார்.

அந்தக் காலைகளில் குடிசைப் பெண்ணைப் பற்றி அதிகம் யோசித்தேன். அவள் புதிதாக எதையும் கற்பிப்பதில்லை. ஒரு விலங்கு ஒரு காலத்தில் அறிந்திருந்ததை மட்டுமே அவளால் திருப்பித் தர முடியும். அப்படியானால் மறந்தது எங்கோ இருக்கிறது. அந்த நான்கு இடங்களில் இல்லை, ஆனாலும் இருக்கிறது. மறந்தது எங்கே போகிறது என்ற கேள்வியைப் புத்தகங்களில் பலமுறை கடந்திருக்கிறேன். அதற்கான பதிலுக்காக ஒரு பறவையைத் துரத்தியது அப்போதுதான். பதில் எனக்குத் தேவைப்பட்டதும் அப்போதுதான்.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, இறகு கிடைத்தது. நான் சத்தம் போடவில்லை. ரஹ்மத்துல்லா என் முதுகைப் பார்த்தே புரிந்துகொண்டு வந்து நின்றார்.

இருவருமாகப் பனி ஊருக்குப் போனோம். அவள் இறகை வாங்கிக்கொண்டாள். அப்பு ஒரு காலத்தில் அறிந்திருந்தவற்றின் பட்டியல் திரையில் விரிந்தது. நாங்கள் நினைத்ததைவிட நீளமான பட்டியல். நடுவில் தாலாட்டு இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும், எதை மறக்கட்டும் என்று பழைய கேள்வி வந்தது.

“கல்லெறியை எடுத்துருங்க” என்றேன். அந்தத் தவறின் தடயமே இருக்கக் கூடாது என்று தோன்றியது.

அவர் ‘கடி’யை நீக்கினார். அப்பு முதல் நாளிலிருந்து வைத்திருந்த வித்தை அது.

“ஏன் அதை?”

“கடிக்கிறதுக்கு மத்ததுக இருக்கு சார். கல்லெறி அன்னிக்கி அது அடிபட்டு ஜெயிச்சு வாங்குனது. யார் அழுத்துனா என்ன, அது சம்பாதிச்சதுதான. அத ஏன் புடுங்கணும்?”

என் தவறை மட்டுமே நான் பதினோரு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை நடந்ததில் அப்புவின் வெற்றியும் இருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் படித்த நூலாசிரியர்களில் சிலர் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கலாம். செய்து காட்டியவர் இவர்தான். அதற்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்த ஒரு வாரம் அவர் மற்ற விலங்குகளைப் பழக்கினார். இருபத்தைந்தாம் தேதி, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோட்டைக்குள் நுழைந்தார். உள்ளே நான்கு பேர், அவர்களுக்குப் பின் ஒருவர். இடையில் சேமிக்க வழியில்லை. வேலுசாமி டீ கிளாஸோடு வந்து நின்றார், கேலி பேச மறந்துவிட்டார்.

தாலாட்டு நான்கு தடவைக்கு மூன்று தடவை பலித்தது. எதிரி தூங்கும்போது மற்ற விலங்குகள் அடித்தன. அது விழித்ததும் அப்பு ஓட்டுக்குள் ஒடுங்கிப் பொறுத்துக்கொண்டது. மூன்று விலங்குகள் விழுந்தன. ரஹ்மத்துல்லா ஒவ்வொன்றின் பெயரையும் மெதுவாகச் சொன்னார். கல்லெறியை ஒரே ஒருமுறை பயன்படுத்தினார், குறி தவறியது. கடைசி எதிரி தூக்கத்திலேயே சாய்ந்தபோது மணி எட்டே கால். அப்புவின் உயிர்க்கோடு மயிரிழை அளவுக்கு மிச்சமிருந்தது.

வேலுசாமி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரஹ்மத்துல்லாவின் தோளைத் தொட்டார். “முடிச்சுப்புட்டியே அப்பு” என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை.

திரையில் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கின. ரஹ்மத்துல்லா உதடு அசைய ஒவ்வொன்றாக வாசித்தார். சித்தையன்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த பேச்சாயி என்ற பெண் கையில் ஒரு போட்டோவோடு அரைமணி நேரமாக வாசலில் காத்திருந்தார். மலேசியாவில் இருக்கும் மகனுக்கு அதை அனுப்ப வேண்டும்.

“ஏப்பு, படம் முடிஞ்சிருச்சா? நான் உக்காரவா?”

“செத்த நேரம்க்கா. பேரு ஓடுது.”

“யாரு பேரு?”

“இத உருவாக்குனவங்க பேரு.”

“நம்ம ஆளுக யாரும் இருக்காகளா?”

“ஒருத்தரும் இல்லக்கா.”

“பெறகு எதுக்கு வாசிக்கிற?”

“இம்புட்டு தூரம் வந்துட்டேன்ல. வாசிச்சிட்டே எந்திரிச்சுக்கிறேன்.”

பேச்சாயி அதை ஏற்றுக்கொண்டதுபோல் தலையசைத்து, என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தானும் பார்க்கத் தொடங்கினார். ஏழெட்டு நிமிடம் நால்வரும் புரியாத பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிப் பெயர் மேலே ஏறி மறைந்தது. திரை கறுத்தது. ரஹ்மத்துல்லா இன்னும் கொஞ்சம் காத்திருந்து, வேறெதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு எழுந்து நாற்காலியைத் துண்டால் தட்டிப் பேச்சாயியின் பக்கம் திருப்பினார்.

“வாங்கக்கா, போட்டோவைக் குடுங்க” என்றார்.