பானைத் தண்ணீர் விட்ட மூச்சு

ஸ்ரீரங்கத்துப் படித்துறைகளிலும் தெருக்குழாய்களிலும் தண்ணீர் பிடித்து, சோதனைக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது வீரமலையின் வேலை. "காவேரித் தாய்க்கே நாடி பாக்குறாருய்யா வைத்தியரு!" என்று தெருவே கேலி பண்ணும். வீட்டிலும் அதே கதைதான். மனைவி மாரியாயி குழாயடிப் பக்கமே போகமாட்டாள்.

"மருந்து நாத்தம் குடலப் புடுங்குது. நீங்களே குடிங்க" என்பாள்.

1959 ஆடியில் ஆறு செக்கச்செவேலென்று புரண்டு வந்தது. மாரியாயி அதை மொண்டு வந்து பானைக்குள் தேத்தாங்கொட்டையை இழைத்து விடுவாள். பொழுது சாய்வதற்குள் சேறெல்லாம் அடியில் தங்கி, மேலே பளிங்காய்த் தெளிந்திருக்கும். அதைக் குடித்து வளர்ந்த மூத்த பிள்ளைதான் போன ஆடியில் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தான். இப்போது கைப்பிள்ளைக்கும் அதையே சங்கில் புகட்டுகிறாள். வேண்டாமென்று வீரமலை எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள்!

ஒரு நாள், "ஒம் பானைத் தண்ணியையும் சோதிச்சுப் பாத்துரலாம்" என்று சோதனைக்கூடத்துப் புட்டியை அவளிடமே நீட்டினான்.

"தாராளமா கொண்டுபோங்க. தோத்துட்டுத்தான் வருவீங்க" என்று பானையிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள்.

சோதனைக்கூடத்து அமிர்தராஜ், கிருமி இருந்தால் தின்று வளரச் சத்துச்சாறு நிரப்பி, உள்ளே ஒரு குட்டிக் குழலையும் கவிழ்த்து வைத்த இரண்டு கண்ணாடிக் குழல்களை எடுத்தார். ஒன்றில் தெருக்குழாய்த் தண்ணீர், மற்றதில் பானைத் தண்ணீர். இரண்டையும் வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்து மூடினார்.

மறுநாள், ஜெயித்த முகத்தோடு மாரியாயியும் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தெருக்குழாய்த் தண்ணீர் விட்ட குழல் வைத்தது வைத்தபடி இருந்தது. பானைத் தண்ணீர் விட்டதோ கலங்கிக் கிடந்தது. அதற்குள் கவிழ்த்திருந்த குட்டிக் குழலின் உச்சியில் காற்று கூடியிருந்தது. ஊதியது யார்? இத்தனை வருஷம் புட்டி சுமந்த வீரமலைக்கே மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை தெளிந்த தண்ணீருக்குள் கண்ணுக்கு அகப்படாத ஒரு பெருங்கூட்டம் குடியிருந்திருக்கிறது! தின்று, பெருகி, காற்று விட்டிருக்கிறது! அடேங்கப்பா, ஒரு சொட்டிலேயே இப்படியென்றால் அகண்ட காவேரியில் எத்தனை இருக்கும்!

"இது என்னங்கய்யா?" என்றாள் மாரியாயி.

"கிருமி விட்ட காத்தும்மா. மனுசக் கழிவு கலந்தா தண்ணிக்கு வர்ற கிருமி. குழாய்த் தண்ணியில மருந்து போட்டு அதைக் கொன்னுடுறாங்க. அதுக்கும் உசிரு இருக்குல்ல" என்றார் அமிர்தராஜ்.

அவள் குழலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சின்னக் குமிழி ஒன்று பிரிந்து மேலே ஏறியது.

"ஆத்தாடி... மூச்சு விடுதுங்க!" என்றாள். பிறகு இடுப்பிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "எம் மூத்தவன் மூச்சு இதாலதான் நின்னுச்சா?"

அமிர்தராஜ் குழலை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார்.

அன்று சாயங்காலம் மாரியாயி தெருக்குழாயில் குடம் பிடித்து வந்தாள். முதலில் தானே ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். அப்புறம் பிள்ளையை மடியில் போட்டுச் சங்கை எடுத்தாள்.

"நாத்தந்தான்டா தங்கம். குடிச்சிரு."