என் சட்னியைத் துப்பிய அண்ணனுக்கு நன்றி!

இன்று காலை என் கடையில் ஒருத்தர் இட்லியை வாயில் வைத்ததும் தூவென்று துப்பினார்!

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே... பொறுங்கள், சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: ஒத்தக்கடையில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருக்கிறேன். மார்பில் கேன்சர். ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. தலையில் பேருக்குக் கூட ஒரு முடி இல்லை.

(புதிதாக வருகிறவர்கள் "எந்தக் கோயில்ல மொட்ட போட்டீங்கக்கா?" என்பார்கள். "கீமோ மாரியம்மனுக்கு" என்பேன். ஒருத்தர் அதற்கு எந்த பஸ் போகும் என்று வேறு கேட்டார்!)

கீமோ போட்டால் சில நாள் எழுந்திருக்கவே முடியாது. அப்போது கடைக்கு லீவு. உடம்பு தேறியதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிடுவேன். சொந்தக்காரர்கள் போனில் திட்டுகிறார்கள், பேசாமல் படுத்துக்கிடக்க வேண்டியதுதானே என்று. படுத்தால் நோயை நினைப்பேன். கடையில் நின்றால் இட்லியை நினைப்பேன். எது நல்லது, நீங்களே சொல்லுங்கள்.

ஒரே ஒரு தொல்லைதான். நாக்கு செத்துப்போய்விட்டது. எதைத் தின்றாலும் தகரத்தை நக்குகிற மாதிரி இருக்கிறது. அதனால் சட்னிக்கு உப்பு எல்லாம் கை அளவுதான், ருசி பார்ப்பது கிடையாது.

இப்போது இன்றைய கதைக்கு வருகிறேன்.

துப்பியவர் லோடு வண்டி ஓட்டுகிறவர். மேலூருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் வழியில் முதல் தடவையாக என் கடைக்கு வந்திருக்கிறார்.

"ஏக்கா, என்ன சட்னி இது? உப்பு மூட்டைய அவுத்துக் கொட்டிட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோ பாண்டி அவர் தொடையில் கிள்ளினான்.

"அண்ணே, சும்மா சாப்பிடுங்கண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. மற்ற தட்டுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சட்னி ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. ஆனால் ஒருத்தர் முகத்திலும் ஒன்றுமே இல்லை. (என்னா நடிப்பு!)

"டேய் பாண்டி, உண்மையச் சொல்லு. எம்புட்டு நாளா இப்பிடி இருக்கு?"

"அது... ஒரு வாரமா இருக்கும்க்கா."

"ஏன்டா சொல்லல?"

"நீயே நோவோட நிக்கிற. ஒன்கிட்டப் போயி எப்பிடிக்கா..."

"நோவு எனக்குத்தேன்டா வந்திருக்கு! என் சட்னிக்கா வந்துச்சு?"

கத்திவிட்டேனே தவிர, உள்ளுக்குள் உடைந்துபோனேன். இவர்கள் பசிக்கு வரவில்லை. பாவம் பார்த்து வந்திருக்கிறார்கள். அப்படி ஒரு கடை எதற்கு? ஆபரேஷனுக்குக் கூட்டிப்போன அன்றைக்குக் கூட நான் இப்படி நொறுங்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏங்க, நாளையிலருந்து கடை வேணாம். என் கை போயிருச்சு."

மனுஷன் தோள் துண்டை எடுக்கிறார், உதறுகிறார், மறுபடி போட்டுக்கொள்கிறார்.

"செல்வி... உப்பு நானும் போட்டேன்."

"என்னது?"

"நாக்குல ருசி தெரியலன்னு சொன்னேல்ல? நீ கம்மியாப் போட்டு கடை பேரு கெட்டுருமோன்னு, தண்ணி ஊத்தையில நானும் ஒரு கை போட்டுவிட்டேன். தெனமும்."

"போட்டவரு ருசி பாக்க மாட்டீங்களா?"

"பிரஷரு பிரஷருன்னு எனக்குத்தேன் உப்பக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறியே!"

கடையே கொல்லென்று சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால் என் கை அளவு சரிதானா? அது தெரிந்தாக வேண்டும்.

"அண்ணே, கெளம்பிறாதீங்க. வேற சட்னி அரைக்கிறேன். உப்பு சரியில்லன்னா கடைய மூடிர்றேன். ஆனா பொய் மட்டும் சொல்லக் கூடாது."

"நான் எதுக்குக்கா பொய் சொல்லப்போறேன்? நானென்ன ஒங்க சொந்தக்காரனா?" என்றார் லோடு வண்டி அண்ணன்.

முதல் வேலையாக வீட்டுக்காரரைத் தெருவுக்கு அனுப்பினேன். தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய் எல்லாம் மிக்ஸியில் போட்டாயிற்று. உப்பைக் கை அளவாக அள்ளினேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டேன்.

அண்ணன் ஒரு இட்லியைத் தொட்டுத் தின்றார். அடுத்த இட்லியையும் பிட்டார். பாண்டி மூச்சுவிடாமல் அவர் வாயையே பார்க்கிறான்.

"சொல்லித் தொலைங்களேண்ணே!" என்றேன்.

"உப்பு கரெக்டா இருக்குக்கா. காரந்தேன் பத்தல."

பார்த்தீர்களா? குறை! வியாதி வந்த நாளிலிருந்து "சூப்பர்க்கா", "செமக்கா" தவிர வேறு ஒரு வார்த்தை இந்தக் காதில் விழவில்லை. இன்றைக்குத்தான் ஒரு மனுஷன் என்னை இட்லிக்கடைக்காரியாகப் பார்த்துப் பேசினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

அண்ணன் பயந்துபோனார்.

"யக்கா, அழுகாதீங்க! காரம் இருக்குக்கா, நல்லாவே இருக்கு!"

"வாய மூடுங்கண்ணே! சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்!"

பாண்டிக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

"அப்ப நானும் சொல்லிர்றேன்க்கா. சாம்பார்ல பருப்பு எங்கன்னு தேட வேண்டியிருக்கு."

"இட்லியும் முன்ன மாதிரி இல்ல, சிறுத்துப்போச்சு" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல்.

(இம்புட்டையும் மனசுக்குள் பூட்டிவைத்துக்கொண்டா தின்றீர்கள், பாவிகளா!)

அணைத்த அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டாயிற்று. உப்பு டப்பா மட்டும் என் கைக்குள்.

நாளைக்கும் கடை உண்டு. வாங்க, வயிறாரச் சாப்பிடுங்க, வாயாரத் திட்டுங்க.

பாவம் பார்த்து வருகிறவர்களுக்கு மட்டும் இட்லி கிடையாது!