கம்பவுண்டரும் என் கொப்புளங்களும்

கால்ஃப் ஆடுகிறவர்களுக்கு இடது கையில்தான் முதலில் கொப்புளம் வரும் என்று பிற்பாடு ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்கு வலது கையில் வந்தது. எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று சொல்லித்தர ஆளில்லாமல், வாய்க்கால் வெட்டப் போகிறவனைப்போல் அந்தக் கழியைப் பிடித்ததன் பலன்.

எழுபதுகளின் நடுவில் திருத்தணியில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டெழுத்தராக இருந்தேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். உடன் வேலை செய்தவர்கள் எல்லாரும் ரயிலில் வந்து போகிறவர்கள். ஐந்து மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடிவிடுவார்கள். அதன் பிறகு எனக்குத் துணை என் தட்டெழுத்து இயந்திரம்தான். தட்டினால் பதிலுக்குச் சத்தமாவது போடும். ஊரில் பாதிப் பேச்சு தெலுங்கு. மீதி, எனக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடுகிற தமிழ். கிருத்திகைக்குக் கிருத்திகை ஊர் கொள்ளாமல் கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தில் நின்றபோது இருந்ததுபோல் தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் மலைமேல் இருக்கிறவரிடம் பேச வந்தவர்கள். கீழே இருந்த என்னிடம் வழி கேட்கக்கூட யாருக்கும் அவசியம் இல்லை. படிகள்தான் கண்ணுக்கு எதிரே தெரிகின்றனவே.

கழியை நாய்களுக்காக வாங்கினேன். என் அறை இருந்த தெருவில் நாய்கள் என்னை அந்நியன் என்று தினமும் நினைவூட்டும். சென்னைக்குப் போயிருந்தபோது மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில், நுனியில் இரும்புக் குளம்பு வைத்த ஒரு கழியைக் கண்டேன்.

“தொர வூட்டுக் கழி சார். நாய் இன்னா, நரியே கிட்ட வராது,” என்றார் கடைக்காரர். நம்பினேன். ஒரு வெள்ளைப் பந்தையும் இனாமாகக் கொடுத்தார்.

திரும்பும்போது ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கண் விரியக் கேட்டார்: “கால்ஃப் ஆடுவீர்களா?”

இல்லை, நாய் விரட்டுவேன் என்று சொல்ல மனம் வரவில்லை. “எப்போதாவது,” என்றேன்.

அவ்வளவுதான். மனிதர் திருவள்ளூரில் ஆரம்பித்தவர், மணவூர், திருவாலங்காடு எல்லாம் தாண்டி அரக்கோணத்தில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. பாதி புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டினேன். அந்த மாதம் முழுவதும் என்னிடம் யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. இந்த விளையாட்டில் ஏதோ இருக்கிறது என்று அன்றே முடிவு கட்டினேன்.

ஏரிக்கரைக்கு அப்பால் ஒரு பொட்டல் இருந்தது. மாலையில் அங்கே போய் ஆட ஆரம்பித்தேன். ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் எப்படி ஆடினாய் என்று கேட்பீர்கள். பந்து தொலைய வேண்டுமென்றால் அது முதலில் நகர வேண்டும். நான் தரையை அடித்தேன், காற்றை அடித்தேன், ஒரு தடவை என் கணுக்காலையே அடித்துக்கொண்டேன். பந்து அசையாமல் இருந்தது. முதல் நாள் பயந்து ஓடிய ஆடுகள் நாலாம் நாள் என் பக்கத்திலேயே மேய்ந்தன. கழி பிடித்தவன் ஆபத்தில்லாதவன் என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

ஆத்திரத்தில் கழியை இறுக்கினேன். தோல் சுற்றிய பிடி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, வியர்வை வேறு. இறுக்க இறுக்க அது கைக்குள் வழுக்கித் திரும்பியது. அன்று இருட்டும்போது பார்த்தேன்: விரல்கள் தொடங்கும் இடத்தில் வரிசையாக மூன்று கொப்புளம், கட்டைவிரலில் ஒன்று.

மெஸ்ஸில் இலை போட்டார்கள். ரசத்தில் கை வைத்ததும் கை என்னைக் கேட்காமலே மேலே எழும்பியது. பசி வேறு. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இடது கையால் ஒரு கவளம் எடுத்தேன். பக்கத்து ஆள் தன் இலையைத் தள்ளி வைத்துக்கொண்டார். மெஸ்காரர் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்:

“இன்னா சார், பீச்சாங்கைல துன்றீங்க?”

வலது கையை விரித்துக் காட்டினேன். வரிசையே எழுந்து வந்துவிட்டது. ஐந்து மாதமாக உப்புக் கிண்ணத்தைக்கூடப் பேசாமல் நகர்த்தியவர்கள் என் உள்ளங்கையைச் சுற்றி நின்றார்கள்.

“சுண்ணாம்பு தடவு சார்.”

“யோவ், சுண்ணாம்பு போட்டா வெந்துடும்யா. தேங்கா எண்ண போதும்.”

“இன்னா வேல செஞ்சீங்க? கெணறு தோண்டுனீங்களா?”

“இல்லைங்க, விளையாடினேன்.”

“விளாட்டா?” என்றார் கேட்டவர். பிறகு ஒருவர் மற்றவரிடம் தணிந்த குரலில், “பாவம், படிச்சவரு,” என்றார்.

அறைக்குத் திரும்பும்போது கை எரிந்தது. ஆனால் ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவனைப்போல் நடந்தேன்.

அதே உற்சாகத்தில் நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். வரிசையாக இருந்த மூன்று கொப்புளத்தின் தோலையும் சுத்தமாக உரித்து எடுத்துவிட்டேன். மறுநாள் தட்டெழுத்து இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபோது என் மடத்தனம் ஒவ்வொரு விரலிலும் தனித்தனியாகத் தெரிந்தது. மாலையில் டிஸ்பென்சரிக்குப் போனேன்.

கம்பவுண்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒடிசலான ஆள், காதோரம் மட்டும் முடி. எங்கள் ஊர் வழக்கப்படி, “அண்ணாச்சி, கை எரியுது,” என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“அண்ணாச்சி கட பஜார்ல கீது சார். இங்க மருந்து மட்டுந்தான்,” என்றார் கம்பவுண்டர். கையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. “தோல யாரு உரிச்சது?”

“நான்தான்.”

“ஏன் நைனா, ஆண்டவனே ஒரு பிளாஸ்திரி போட்டு அனுப்பினா, அத்த பிச்சிப் போட்டுட்டு எங்கிட்ட வேற பிளாஸ்திரி கேக்க வந்தியா?”

நைனா என்பது அந்தப் பக்கத்தில் அப்பாவைக் கூப்பிடும் சொல். பிரியம் வந்தால் பிள்ளை வயதுக்காரனையும் அப்படிக் கூப்பிடுவார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. அவர் என்னைவிட மூத்தவர், என்னை அப்பா என்கிறாரே என்று குழம்பினேன்.

உரித்த மூன்றையும் கழுவி நீல மருந்து தடவினார். கட்டைவிரலில் உரிக்காமல் தப்பியிருந்த கொப்புளத்தைக் காட்டி, “இத்த பாத்து கத்துக்கோ,” என்றார். ஊசியைச் சுடரில் காட்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, கொப்புளத்தின் ஓரத்தில் லேசாகக் குத்தினார். பஞ்சால் அழுத்தி நீரை வெளியேற்றினார். மேல்தோலைத் தொடவே இல்லை. அதை அப்படியே படிய வைத்து, மேலே துணி வைத்துக் கட்டினார்.

தன் முறைக்காகக் காத்திருந்த பொதட்டூர்பேட்டை நெசவாளி ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க வூட்டுத் தறில வந்து குந்து சார். கொப்புளமும் வரும், கூலியும் வரும்,” என்றார்.

“ஆங், இவரு தறில குந்தினா லுங்கிக்கு பதிலா வல வரும்,” என்றார் கம்பவுண்டர். இரண்டாவது முறையும் பெஞ்சு சிரித்தது. நானும் சிரித்தேன். ஊருக்கு வந்து முதல் தடவையாக மற்றவர்களோடு சேர்ந்து.

“நாளைக்கு வா, கட்டு மாத்தணும்.”

போனேன். அதன் மறுநாளும் போனேன். கட்டு மாற்றும்போது அவர் தன் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வார். புத்தூரில் பெண்ணைக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு. பஞ்சு எடுக்கும்போது ஆரம்பிப்பார், முடிச்சுப் போடும்போது நிறுத்திவிடுவார். சம்பந்தி அம்மாள் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போன இடத்தில் ஒரு நாள் முடிச்சு விழுந்தது. இரவெல்லாம் அந்த அம்மாளின் கவலையாகவே இருந்தது எனக்கு.

கை ஆற ஆரம்பித்தது. மாப்பிள்ளை இன்னும் புத்தூரை விட்டுக் கிளம்பவில்லை. என்ன செய்வது? கட்டோடு பொட்டலுக்குப் போய், கழியை முன்னைவிட இறுக்கிப் பிடித்து, பூமியை நாலு சாத்து சாத்தினேன். புதிதாக இரண்டு கிடைத்தன. இப்படியே ஒரு மாதம் ஓடியது.

“என் கைமருந்துல ஆறாத புண்ணு இது ஒண்ணுதான்,” என்று சந்தேகத்தோடு சொன்னார் கம்பவுண்டர். “ஞாயித்துக்கெழம வரேன். நீ இன்னாதான் பண்றேன்னு பாக்கறேன்.”

வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்தார். நான் வீசினேன். மண் பறந்தது. அவர் சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தார்.

“ஏன் நைனா, கோழிய கழுத்த திருகறாப்ல புடிச்சிகினு கீறே? ஓட்டல்ல சூடா டீ குடுத்தா டம்ளர எப்டி புடிப்பே? இறுக்கினா சுடும், வுட்டா வுழும். அப்டி புடி.”

“நீங்க ஆடியிருக்கீங்களா?”

“நான் எங்க ஆடனேன்? டீ குடிச்சிகீறேன்.”

சொல்லிவிட்டுத் தானும் ஒரு வீச்சு வீசினார். கழி ஒரு பக்கம் போக, அவர் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, வழுக்குகிற பிடிமேல் நெருக்கமாகச் சுற்றிக்கொடுத்தார். கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் பிடி என்றார். நான் கைகளை மேல் கீழாக மாற்றிப் போட்டு, டீ டம்ளரை நினைத்துக்கொண்டு வீசினேன்.

பந்து போயிற்று. நிஜமாகவே போயிற்று. உயரமாக எழுந்து, மலைக்கு நேராகப் போவதுபோல் போக்குக் காட்டி, வேலிகாத்தான் புதருக்குள் விழுந்தது. இரண்டு பேரும் முள்ளுக்குள் குனிந்து, வெளிச்சம் போகும்வரை தேடினோம். கிடைக்கவில்லை. மலைமேல் விளக்கெல்லாம் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு வாங்கிய முள் கீறல்களை நான் இன்றைக்கும் ஒரு லாபமாகத்தான் நினைக்கிறேன்.

அதன் பிறகு கொப்புளம் வரவில்லை. ரப்பர் பந்து வாங்கி ஆடினேன், அப்போதும் வரவில்லை. ஒரு மாலை கம்பவுண்டர் என் உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கட்டை விரலால் அழுத்தி, “காச்சுப் போச்சு. இனிமே கவல இல்ல. நீ வர வேணாம்,” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள்கூடச் சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டாக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை அப்போதுதான் பஸ்ஸில் ஏறியிருந்தார்.

மெஸ்ஸில் மறுபடி உப்புக் கிண்ணம் பேசாமல் நகர்ந்தது. யாரும் கையைப் பார்க்கவில்லை. நல்ல கையை யார் பார்ப்பார்கள்? பொட்டலில் டீ டம்ளரை மறந்து, பழையபடி கோழிக் கழுத்தாகவே திருகிப் பார்த்தேன். கை சிவந்ததோடு சரி. காய்த்த தோல் அசையவில்லை. வேண்டாதபோது வந்தது, வேண்டும்போது வரவில்லை. என் உடம்பிலேயே எனக்கு வேண்டாதவர்கள் இருந்தார்கள்.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு சாயங்காலம் பழைய வேட்டியைக் கிழித்து, வலது கையைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்குக் கிளம்பினேன். வழியில் ஒருவர், “அய்யோ, மறுபடியுமா?” என்றார். “ஆமாங்க,” என்றேன். குரல்கூடக் கொஞ்சம் நோயாளிக் குரலாக வந்துவிட்டது.

பெஞ்சில் நிறைய பேர் இருந்தார்கள். என் முறை வந்தது. கம்பவுண்டர் முடிச்சை அவிழ்த்தார். சுற்றுச் சுற்றாக எடுத்தார். கடைசிச் சுற்றும் வந்தது. உள்ளே என் கை முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, “இன்னாவாம்?” என்று எட்டிப் பார்த்தார்கள். காது மடல் சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று காலால் செருப்பைத் தேடினேன்.

கம்பவுண்டர் சற்றே திரும்பி உட்கார்ந்தார். அவருடைய ஒடிசலான முதுகு என் கையைப் பெஞ்சிலிருந்து மறைத்தது. பஞ்சை எடுத்தார். ஸ்பிரிட்டில் நனைத்தார். ஒன்றுமில்லாத உள்ளங்கையை ஓரத்திலிருந்து நடுவுக்கு, நிதானமாகத் துடைத்தார். நீல மருந்தும் போட்டார்.

“பஸ்ல ஏறினான் இல்ல,” என்றார் என்னை நிமிர்ந்து பார்க்காமல், “நகரியிலயே எறங்கிட்டான் நைனா. ஏன்னு கேளு.”

“ஏன்?” என்றேன்.

சொன்னார். புதிய துணியை எடுத்து, ஒரு பெரிய காயத்துக்குப் போடுவதைப்போல் அகலமாகக் கட்டினார். கதையைப் பாதியில் விட்டு முடிச்சுப் போட்டார். பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி, “தண்ணி படக்கூடாது, தெரிதா? நாளன்னிக்கு வா, பிரிச்சிப் பாக்கறேன்,” என்றார்.

மறுநாள் காலையில் கிணற்றடியில், வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்த பையனைப்போல் வலது கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மொண்டு மொண்டு குளித்தேன். பக்கத்து அறைக்காரர் பல் குச்சியோடு நின்று பார்த்து, “ரொம்ப வலிக்குதா சார்?” என்று கேட்டார். இன்னும் ஆறவில்லை என்று சொல்லிவிட்டு, அந்தக் கையில் ஒரு சொட்டுகூடத் தெறிக்காமல் பார்த்துக்கொண்டேன்.