நேர்த்தி வைத்த முழங்கால்

பனி கொட்டத் தொடங்கினால் ஒன்ராறியோவின் வெக்ஸ்போர்டில் எங்கள் தமிழ்ச் சனம் கதவைச் சாத்திக்கொண்டு ஹீற்றரைக் கூட்டிவிடும். அலெக்ஸாண்டர், கிளடிஸ் தம்பதியின் மகள் ஷரோன் மட்டும் வெளியே ஓடுவாள். பள்ளிக்கூடத்தால் ஒருநாள் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். காலில் இரண்டு பலகைகளைப் பூட்டிக்கொண்டு, நட்டு வைத்த கம்புகளுக்கு இடையால் வளைந்து வளைந்து சறுக்கி இறங்க வேண்டும். பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் கேட்காத ஆளில்லை. 1995இல், பதினைந்து வயதில், ஒன்ராறியோ மாகாணக் கனிஷ்ட கிண்ணத்தை அவள் தூக்கிக்கொண்டு வந்ததும் அதே வாய்கள்தான் ‘எங்கட பிள்ளை’ என்றன. சனத்தின் வாய்க்குப் பூட்டா போட முடியும்?

அடுத்த தை மாதம் விழுந்தாள். இடது முழங்கால் திருகி, உள்ளே தசைநார் அறுந்துவிட்டது. வைத்தியர் முழங்கால் சில்லிலிருந்து ஒரு துண்டு எலும்பையும் அதோடு ஒட்டிய நாரையும் வெட்டி எடுத்து, அறுந்த இடத்தில் பொருத்தினார். ஓடலாம், சறுக்கலாம், ஆனால் சில்லு பலவீனமாகிவிட்டது, முழந்தாளில் மட்டும் நிற்காதே என்றார். ஷரோன் அதை வீட்டில் சொன்னாள். கிளடிஸ் தலையாட்டினாள். சத்திரசிகிச்சை நடந்த நேரத்திலேயே மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்துவிட்டதை அவள் மூச்சும் விடவில்லை.

ஒரு வருடம் பிள்ளை பட்ட பாடு சொல்லி மாளாது. படியேறினால் கண்ணீர் வரும். துடைத்துவிட்டு மறுபடி ஏறுவாள். அடுத்த மாரியில் திரும்பவும் முதலாவதாக வந்தாள். வருகிற மார்கழியில் தேசிய அணிக்குத் தெரிவு. அதைவிட அவளுக்கு உலகத்தில் வேறொன்றும் இருக்கவில்லை.

ஆவணியில் மாதா கோயில் யாத்திரைக்குப் போகும்போது, காருக்குள் வைத்துக் கிளடிஸ் விஷயத்தை உடைத்தாள். மகள் மறுபடி வென்றால் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழந்தாளில் வருவாள் என்று நேர்ந்திருந்தாளாம். டொக்டர் சொன்னதை மறந்துவிட்டீர்களா என்று ஷரோன் கேட்டாள். தகப்பனும் பிறகு பார்ப்போமே என்று இழுத்தார்.

“டொக்டர் தைச்சவர். சுகமாக்கினது மாதா,” என்றாள் கிளடிஸ். “செய்யாமல் விட்டா மற்றக் காலும் போகும், பிள்ளை.”

அந்த மற்றக் கால்தான் ஷரோனை மடக்கியது. கடவுளுக்கு அவ்வளவு பயந்தவள் இல்லை அவள். ஆனாலும் மார்கழி வரை ஒருவரையும் பகைத்துக்கொள்ளத் துணிவு வரவில்லை.

வாசலில் முழந்தாளிட்டாள். சனம் வழிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். பீடத்துக்கு முன்னால் இரண்டு கற்படிகள். இடது முழங்காலை மேற்படியில் ஊன்றி உடம்பைத் தூக்கினாள். உள்ளே ஏதோ முறிந்தது. அந்தச் சத்தம் பின்னால் மெழுகுதிரியோடு வந்த கிளடிஸுக்கும் கேட்டது.

சில்லு இரண்டாகப் பிளந்திருந்தது. இனிப் போட்டிகளுக்கு வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் மெதுவாகச் சொன்னார்கள். ஷரோன் அழவில்லை. கட்டிலருகே செபமாலையும் கையுமாக இருந்த தாய் முணுமுணுக்கத் தொடங்கினாள்: மாதாவே, இந்தக் கால் மட்டும் சுகமானால்...

“அம்மா,” என்றாள் ஷரோன். “இந்தமுறை நேர்த்தி வைக்கிறதெண்டா உங்கட முழங்காலை வையுங்கோ.”



அடுத்த ஆவணியில் வாசலிலிருந்து பீடம் வரை முழந்தாளில் போனது கிளடிஸ்தான், தோல் கிழிந்து இரத்தம் கசியக் கசிய. ஷரோன் ஊன்றுதடியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காருக்குள் இருந்தாள். தகப்பன் வந்து கூப்பிட்டும் இறங்கவில்லை.