கந்தப்பளைச் சின்ன ரயில்

அந்தச் சுவெற்றரில் கடை மணம் இல்லை. விறகுப் புகை மணந்தது. சிவப்புக் கம்பளியில் பின்னிய அதை, மலைநாட்டில் குளிரும் என்று சொல்லி அப்பா என் கையில் தந்தபோது எனக்கு ஒன்பது வயது. என் தோளளவை யாரோ கேட்டறிந்துதான் பின்னியிருக்கிறார்கள் என்று போட்டுப் பார்த்தவுடனேயே எனக்குப் பட்டது.

யுத்தம் முடிந்து பதுளை வீதி திறந்தபின், அப்பா கந்தப்பளைக்கு லொறி கொண்டுபோய் லீக்ஸும் கரட்டும் ஏற்றி மட்டக்களப்புச் சந்தைக்கு வருவார். நான் தவழும் வயதிலேயே அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டதால், கல்லடியில் எங்கள் வீட்டை அம்மாவின் அக்காவான பெரியம்மாதான் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு பயணத்திலிருந்தும் அப்பா "சின்ன ரயில்" பற்றி ஒரு கதை கொண்டுவருவார்: வெள்ளைக்காரன் போட்டது, நம் தண்டவாளத்தில் பாதி அகலம்கூட இராது, நானுஓயாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களை வளைந்து வளைந்து ஏறும், இறங்கி நடப்பவன்கூட அதை முந்திவிடுவான் என்பார். பாடசாலை விடுமுறைக்கு அதைக் காட்டக் கூட்டிப்போவதாக அவர் சொன்ன அன்று, மீன் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மா, அவர் வெளியே போகும்வரை பொறுத்திருந்து சொன்னார்:

"உன்ட அப்பா ரயில் பாக்கப் போற ஆளில்லகா. அங்க என்னவோ இருக்கு. உன்ன அங்க விட்டுப்போட்டு வந்திருவாரோ தெரியா. கைய விடாத."

நான் கையை விடவில்லை. பதுளையிலும் நுவரெலியாவிலும் பஸ் மாறியபோதும் அவருடைய சட்டை நுனியைப் பிடித்தபடியே இருந்தேன். கந்தப்பளையில் இறங்கியவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தகரக்கூரை வீட்டு வாசலில் கட்டியிருந்த நாய், அவரைக் கண்டு குரைக்காமல் வாலை ஆட்டியது. உள்ளேயிருந்து வந்த பெண்ணை, செல்வராணி, கம்பளி பின்னி விற்பவர் என்று அப்பா அறிமுகப்படுத்தினார். அவர் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, என் சுவெற்றரின் கைகளைத்தான்.

மறுநாள் காலையில் கண்விழித்தபோது அப்பாவைக் காணவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி வாசல் படலையடியில் போய் இருந்துவிட்டேன். செல்வராணி தந்த ரொட்டியையும் தொடவில்லை. அவர் கெஞ்சவில்லை, பின்னல் ஊசிகளோடு வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

"அப்பா என்னை இங்க விட்டுப்போட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. சந்தைக்குப் போயிருக்காரு, வந்துருவாரு."

"அப்ப ரயில் எங்க?"

அவர் ஊசிகளைக் கீழே வைத்தார். "ரயில் இல்லம்மா. நான் பொறக்க முந்தியே தண்டவாளத்தக் கழட்டிட்டாங்க. நாம உக்காந்திருக்கிறதுதான் அது போன பாதை. அவரு உங்ககிட்ட உண்மையச் சொல்லப் பயந்துட்டாரு. என்னையக் கட்டிக்கிறேன்னு கேட்டாரு. புள்ளையக் கேக்காம வரமாட்டேன், கூட்டிட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். நீங்க வேணாம்னா வேணாம்தான்."

அதுவரை என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. அப்பா சூடான பணிஸ் பையோடு சந்தையிலிருந்து திரும்பி வந்தார். சொல்லிவிட்டேன் என்று செல்வராணி ஒரே வார்த்தையில் முடித்ததும், அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யோசித்துத்தான் சொல்வேன் என்றேன். பிறகு மூவரும் அந்தப் பாதையில் நடந்தோம். இருவர் கையையும் நான் பிடிக்கவில்லை.

யோசித்து ஓம், வரட்டும் என்று சொல்ல எனக்கு அடுத்த தைப்பொங்கல் வரை ஆனது. செல்வராணி கல்லடிக்கு வந்தபின்னும் என் சந்தேகம் விடவில்லை. எனக்குப் போடும் சோற்றை அளந்து பார்த்தேன், கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், நான் தூங்கும் நேரத்தில் அவர் எழும்பி வீட்டுக்குப் போய்விடுகிறாரா என்று தாதியிடம் இரகசியமாக விசாரித்தேன். கட்டிலருகே போட்ட கதிரையை விட்டு அவர் அசையவில்லை என்றார் தாதி. அன்றிலிருந்துதான் அவரைச் சின்னம்மா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

போன மாதம் அவருடன் கந்தப்பளைக்குப் போனேன். அவருடைய வீடு இருந்த மேட்டை வெட்டிச் சமப்படுத்தி ஒரு விடுதி கட்டியிருக்கிறார்கள். பாதையும் இல்லை, வீடும் இல்லை. தன் வாசல் எங்கே இருந்தது என்று சின்னம்மா கொங்கிரீற்றின் மேல் அங்குமிங்கும் நடந்து பார்த்தார். பிடிபடவில்லை. மலைநாட்டுப் பேச்சு அவர் நாவிலிருந்து எப்போது போனதோ, நானும் கவனிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா மகள், நம்மட வீட்ட போவம்" என்றார்.