காத்திருந்தேன் என்று சொன்னேன்

மதினி கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பாள். கம்பெனியில் இரண்டு கையாலும் ட்ரேயைப் பிடித்திருக்கும்போதும் மணி தெரிய வேண்டும் என்று. கறுப்பு வார். அண்ணன் நன்றாக நடமாடிய காலத்தில் சாலைக் கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்தது. நான் சொல்லும் சமயத்தில் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். மதினியும் நானும் வேலைக்குப் போனால்தான் வீடு. எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவளும் மதினிதான். அவள் ஐ.டி.ஐ. முடித்தவள். நான் எட்டாம் வகுப்பு.

பழவங்காடி பக்கம் ஒரு மாடியில் கம்பெனி. செல்போனில் வழி காட்டும் வசதி வரத் தொடங்கிய வருஷங்கள். அந்தப் போனுக்குள் கிறிஸ்டல் என்று ஒன்று உண்டு. சோற்றுப் பருக்கையை விடச் சிறிது. அது துடிக்கிற துடிப்பை வைத்துத்தான் போன் சாட்டிலைட்டைப் பிடிக்கும். சூடானாலும் குளிர்ந்தாலும் துடிப்பு மாறும். மாறினால் சாட்டிலைட் கிடைக்காது, நிற்கிற இடம் தெரியாது. அதனால் எந்தச் சூட்டில் எவ்வளவு பிசகுகிறது என்று ஒவ்வொரு கிறிஸ்டலாக அளந்து, அதை அதற்குள்ளேயே பதிந்து அனுப்ப வேண்டும். போன் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அளப்பதற்குப் பீரோ அளவில் ஒரு பெட்டி இருந்தது. உறைகிற குளிரில் ஆரம்பித்துக் கை வைக்க முடியாத சூடு வரை படிப்படியாக ஏற்றுவோம். ஒவ்வொரு படியிலும் இருபது நிமிடம் காத்திருந்த பிறகே ரீடிங். பெட்டியின் முகப்பில் எண் சீக்கிரமே வந்துவிடும். ஆனால் அது உள்ளே இருக்கும் காற்றின் சூடு. கிறிஸ்டல் அங்கே வந்து சேர நேரமாகும்.

எனக்கு இது முதலில் மண்டையில் ஏறவில்லை. மதினி சொன்னபோது ஏறியது. "தெர்மாமீட்டர வாயில வச்ச ஒடனே உருவிப் பாத்தா, கொதிக்கிற ஆளுக்கும் காய்ச்சல் இல்லன்னுதான் காட்டும். உம்ம அவசரத்துக்கு அது ஓடி வருமா, கொழுந்தனாரே? சும்மா இரியும்."

ஒருநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மதினி கீழே ஆபீசுக்குப் போய்ப் பேசிவிட்டு மேலே ஓடி வந்தாள். அண்ணனுக்கு மூச்சு முட்டுகிறதாம். பையை எடுத்தாள். "இன்னும் ஒம்பது படி கெடக்கு. ஒவ்வொண்ணுக்கும் இருபது நிமிசம், கேட்டோ?" அவ்வளவுதான். போய்விட்டாள்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. பெட்டி ஓடும்போது ரீடிங் எடுக்கிறவர் எழுந்து போகக் கூடாது. அப்படிப் போன ஒரு பெண்ணை முந்தின மாதம்தான் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் மூன்று மணிக்கு மாடி ஏறுவார். ஒன்பது படிக்கும் காத்திருந்தால் நாலு தாண்டும். அவர் வரும்போது பெட்டி ஓடினால் மதினி எங்கே என்பார். முடிந்திருந்தால், இப்போதுதான் இறங்கினாள் என்று சொல்லிவிடலாம். ரீடிங் யார் எடுத்தது என்று பதிய ஆளுக்கொரு நம்பர் உண்டு. மெஷினில் மதினியின் நம்பர் திறந்தபடியே இருந்தது. முகப்பில் எண் வந்ததும் ஐந்தைந்து நிமிடத்தில் ரீடிங் பட்டனை அமுக்கினேன். மேனேஜர் வந்தார். முடிந்தது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மதினியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்தேன்.

மறுநாள் காலை மதினி கேட்டாள். "காத்திருந்தீரா?"

"காத்திருந்தேன் மதினி."

இரண்டு மாதத்தில் அந்தச் சரக்கு முழுக்கத் திரும்பி வந்தது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்த போன்கள் இடம் காட்டவில்லையாம். மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுத் தாளை மேசையில் வைத்தார். ஒவ்வொரு ரீடிங்கும் எடுத்த நேரம் அதில் இருந்தது. அவர் கரமனை அக்ரகாரத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். "இத்தனை வருஷமா இருக்கேள். இதை நீங்களா எடுத்தேள்?" மதினி தாளைப் பார்த்தாள். தேதியைப் பார்த்திருப்பாள். என்னைப் பார்க்கவில்லை. "நாந்தான் சார்" என்றாள். அவர் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அன்றோடு மதினியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் சொன்னாள். "ரெண்டு பேரும் வீட்ல ஒக்காந்துட்டா உம்ம அண்ணன் என்ன ஆவாரு? நீரு வேலைக்குப் போம்." பஸ் வந்தது. ஏறும்போது, "காத்திருந்தேன்னு சொன்னீரே" என்றாள். அதைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் குடோனில் சேர்ந்தாள். நாள் முழுக்க நெடி. இருமிக்கொண்டே வருவாள். இருமிக்கொண்டே எனக்குச் சோறு போடுவாள். அதைத் தின்றுவிட்டு நான் அந்த மாடிக்கே போனேன். அவள் உட்கார்ந்த ஸ்டூலில் வேறொருத்தி. மேனேஜர் அறை வாசல் வரை மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் அண்ணனின் வீங்கிய கால் ஞாபகம் வரும். திரும்பிவிடுவேன். அந்த மழைக்காலத்தில் அண்ணன் போய்ச் சேர்ந்தான்.

பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குப் போனவுடன் மேனேஜரிடம் சொன்னேன். அதை எடுத்தது நான்தான் என்று.

"தெரியும்" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு எங்கிட்ட சொல்லிண்டுதானே போனா. நாந்தான் போங்கோன்னேன்."

"பின்னே ஏன் சார்?"

"வாங்கினவன் ஒரு பேர் கேட்டான். அவா தன் பேரைச் சொன்னா. போய் வேலையைப் பாருங்கோ."

போய் வேலையைப் பார்த்தேன்.

இப்போது அந்த மாடியில் துணிக்கடை. மதினி என் வீட்டில்தான் இருக்கிறாள். இருமல் போகவில்லை. அன்றைக்கு ஏன் அவசரப்பட்டீர் என்று இதுவரை கேட்டதில்லை. சோம்பல் என்று நினைத்திருப்பாள். அப்படியே நினைக்கட்டும். அவள் வேலை போய்விடக் கூடாதென்றுதான் அவசரப்பட்டேன் என்று சொன்னால், மேனேஜரிடம் உத்தரவு வாங்கிவிட்டேன் என்று கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போனோமே என்று நொந்துகொண்டிருப்பாள்.